பச்சை விளக்கை நம்பலாமா?

'நெட்வொர்க் டவுன் சார், அரை மணி கழிச்சு வாங்க.'

பாங்க்கில், ஸ்கேன் சென்டரில், ரேஷன் கடையில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டீர்கள். கேட்டதும் மழை வந்துவிட்ட மாதிரி ஏற்றுக்கொண்டு, டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுகிறோம். டவுன் ஆனது எது, அதை யார் கவனிக்கிறார், எதை வைத்துக் கவனிக்கிறார் என்று கேட்பதில்லை. பெரும்பாலும் அவர் ஒரு திரையை வைத்துத்தான் கவனிக்கிறார். சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம், புத்தகத்துக்கு எழுதுகிறோம். நம் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டும் பென்ஷன் பணமும் நம்பியிருக்கிற அந்தத் திரைக்கு யாரும் எழுதுவதில்லை. இந்த வாரம் எழுதிவிடலாம்.

முதலில் பாத்திர அறிமுகம். ஆபீஸ் மூலையில் ஏ.சி. போட்ட சின்ன அறையில், நீல ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்க, குட்டி விளக்குகள் கண் சிமிட்டும் தட்டைப் பெட்டிகள் இருக்குமே, அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். ஃபேன் ஸ்விட்சுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். இது ஒரு தபால்காரர். எந்த ஒயரின் மறுமுனையில் எந்த கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தானாகவே தெரிந்துகொண்டு, வருகிற தகவலை உரியவரின் ஒயரில் மட்டும் அனுப்பும். இதற்கு முன்னால் புழங்கிய 'ஹப்' அப்படியில்லை. ஒருத்தருக்கு வந்த கடிதத்தைத் தெருவுக்கே உரக்கப் படித்துக் காட்டும் ஆசாமி.

இப்படிப்பட்ட ஈதர்நெட் ஸ்விட்சை 1990-ல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க கம்பெனியின் பெயர் என்ன தெரியுமா? கல்பனா! நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜின் மனைவி பெயர் அது. 1994-ல் சிஸ்கோ அந்த கம்பெனியை வாங்கிக்கொண்டது. கல்பனா என்ற பெயர் மறைந்துவிட்டது. பெட்டி உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஒரு பெட்டி இருந்தால் விளக்கைப் பார்த்தே வைத்தியம் பார்த்துவிடலாம். எட்டு மாடியில் நாற்பது பெட்டி இருந்தால்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி, ஒவ்வொன்றிலும் ஒரு கேபிளைச் செருகி, கறுப்புத் திரையில் கட்டளைகளை டைப் அடிக்க வேண்டும். பெட்டிகளைத் தூரத்திலிருந்தே நலம் விசாரிக்க 1988-ல் எஸ்.என்.எம்.பி. என்று ஒரு பொது மொழி வந்தது. அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் 1994-95 வாக்கில் ஒரு காரியம் செய்தார். அவர் வேலைபார்த்த இடத்துக்கு வெளியுலகத் தொடர்பு ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அதில் எவ்வளவு நெரிசல் என்று எல்லோரும் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடம் போட்டு வெப் பக்கத்தில் ஒட்டிவைக்கும் புரோகிராம் எழுதினார். எம்.ஆர்.டி.ஜி. என்று பெயர். இன்றைக்கு இருக்கும் பளபளா திரைகளுக்கெல்லாம் அது ஒருவகையில் மூதாதை. அது பார்க்கும், எதையும் தொடாது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வந்தவை பார்த்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் ஒரு குட்டி வெப் பக்கத்தை வைத்தார்கள். அப்புறம் எல்லாப் பெட்டிகளையும் ஒரே பக்கத்தில் கட்டி மேய்க்கும் மென்பொருள். அப்புறம் அந்தப் பக்கமே கிளவுடுக்குப் போய்விட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இது பெரிய வரப்பிரசாதம். மூன்றாம் மாடி கேமரா ஹேங் ஆகிவிட்டதா? ஏணி போட வேண்டாம். அதற்கு கரன்ட்டும் அதே நெட்வொர்க் ஒயரில்தான் போகிறது என்றால், வீட்டில் பனியனோடு உட்கார்ந்தபடியே அந்த போர்ட்டின் கரன்ட்டை நிறுத்தித் திரும்பக் கொடுத்து எழுப்பிவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த லைன் திணறியது என்று காலையில் பார்க்கலாம். கறுப்புத் திரைக் கட்டளைகளை மனப்பாடம் செய்யாத சின்ன ஆஸ்பத்திரி, சின்ன ஸ்கூல்கூட நெட்வொர்க்கை ஒழுங்காக நடத்த முடிகிறது. கட்டளைதான் உசத்தி, மவுஸ் பிடித்தவன் மட்டம் என்று சொல்லும் பண்டிதர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனி குறைகள். திரையைத் திறந்தால் ஸ்விட்சின் முன்பக்கத்தைத் தத்ரூபமாகப் படம் போட்டிருப்பார்கள். 48 ஓட்டைகள், பாதி பச்சை. பார்க்க அழகுதான். ஆனால், போர்ட் 17-ல் என்ன மாட்டியிருக்கிறது? பக்கத்திலேயே 'விவரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். காலியாக இருக்கும். நிரப்பச் சொல்லி மென்பொருள் வற்புறுத்தாது. அந்த பச்சைப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது ரிசப்ஷன் பிரின்ட்டரா, ஐ.சி.யூ. மானிட்டரா என்று படத்துக்குத் தெரியாது. இரண்டும் ஒரே பச்சை.

இன்னொன்று, 'மேப்' பட்டனை அழுத்தினால் எல்லாப் பெட்டிகளையும் கோடு போட்டு இணைத்துக் காட்டும். டெமோவில் விற்பனையாளர் இதைத்தான் முதலில் காட்டுவார். அந்த மேப் பெரும்பாலும் எப்படி உருவாகிறது தெரியுமா? பெட்டிகள் பக்கத்துப் பெட்டிக்கு 'நான் இன்னார்' என்று அவ்வப்போது சொல்லிக்கொள்கின்றன. சொல்கிறவர்கள் மேப்பில் வருவார்கள். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் ஒயர் போதவில்லை என்று யாரோ மேஜைக்கடியில் மாட்டிய ஐந்து ஓட்டை மலிவு ஸ்விட்ச் வாயே திறக்காது. அது மேப்பில் பெரும்பாலும் இருக்காது. பிரச்னை மட்டும் அங்கிருந்துதான் கிளம்பும்.

பி.காம். முதல் வருஷத்தில் டிரையல் பேலன்ஸ் சொல்லிக்கொடுப்பார்கள். பற்றையும் வரவையும் தனித்தனியாகக் கூட்டினால் ஒரே தொகை வரவேண்டும். வந்துவிட்டால் பையன்களுக்கு ஏக சந்தோஷம். உடனே அடுத்த பாடம் ஆரம்பமாகும்: டேலி ஆன பிறகும் கண்ணில் படாத பிழைகள். ஒரு பில்லை எழுதவே மறந்திருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருக்கும். ராமசாமி கணக்கில் எழுதவேண்டியதை ராமநாதன் கணக்கில் எழுதியிருந்தாலும் டேலி ஆகும். டேலி என்பது கூட்டல் சரி என்பதற்குச் சான்று, கணக்கு சரி என்பதற்கு அல்ல. ஸ்விட்ச் திரையின் பச்சையும் அதே ஜாதிதான். ஒயரில் உயிர் இருக்கிறது என்கிறது. அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆபீஸ் தலைவலிதானே என்று நினைத்தால் பாஸ்டன் கதையைக் கேளுங்கள். அங்கே பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மெடிக்கல் சென்டர் என்று புகழ்பெற்ற ஆஸ்பத்திரி. ஹார்வர்டோடு இணைந்தது. 2002 நவம்பரில் அதன் நெட்வொர்க் படுத்துவிட்டது. ஏறக்குறைய நாலு நாள் டாக்டர்களும் நர்ஸ்களும் காகிதத்துக்குத் திரும்பினார்கள். காரணம், பெட்டி எரிந்துபோனதல்ல. பெட்டிகளைச் சேர்த்த விதம்.

ஸ்விட்சுகளை வட்டமாக இணைத்துவிட்டால் எல்லோருக்குமான ஒரு தகவல் சுற்றிச் சுற்றி வந்து, பெருகி, லைனையே அடைத்துவிடும். இதைத் தடுக்க 1985-ல் டிஜிட்டல் கம்பெனியில் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி ஓர் ஏற்பாடு செய்தார். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, உபரி வழிகளைத் தாங்களே அடைத்துவிடும். ஸ்பேனிங் ட்ரீ என்று பெயர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு பெட்டிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் வழக்கமான அளவு. பாஸ்டன் ஆஸ்பத்திரியில் ஒட்டுமேல் ஒட்டாக நெட்வொர்க் வளர்ந்து, சில இடங்களில் அந்த அளவைத் தாண்டியிருந்தது. ஒரு நாள் ஆராய்ச்சிக்கான தகவல் வெள்ளம் ஒன்று வந்து சேர, பெட்டிகளின் பேச்சுவார்த்தை முறிந்து, எல்லாம் முடங்கியது. தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா இதை மூடி மறைக்காமல் மற்ற ஆஸ்பத்திரிகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று வெளியே சொன்னார். அவருக்கு ஒரு சல்யூட். 'மொத்தச் சங்கிலி எவ்வளவு நீளம்?' என்ற கேள்விக்கு எந்தத் தனிப் பெட்டியின் பச்சை விளக்கிலும் பதில் இல்லை என்பதுதான் அந்தப் பாடம்.

இதுவரை பார்ப்பதைப் பற்றிச் சொன்னேன். தொடுவது இன்னும் விவகாரம். பல ஸ்விட்சுகளில் 'அப்ளை' ஒரு பட்டன், 'சேவ்' வேறு பட்டன். அப்ளை அழுத்தினால் மாற்றம் உடனே நடக்கும். சேவ் அழுத்தாவிட்டால் அடுத்த முறை கரன்ட் போய்வரும்போது மறைந்துவிடும். டே புக்கில் எழுதி லெட்ஜரில் ஏற்றாத கதை. மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய நெட்வொர்க் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு படுத்தால், யார் இதைச் சந்தேகிப்பார்கள்? இந்த இரட்டைப் பட்டனை வடிவமைத்தவர்கள் அதன் பலனை அனுபவிக்கிறவர்களைச் சந்தித்ததில்லை என்று நினைக்கிறேன்.

நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுவதும் இங்கே சர்வ சாதாரணம். எந்த லைன் வழியாகத் திரைக்கு வந்தீர்களோ அந்த லைனையே ஒரு க்ளிக்கில் மூடிவிடலாம். அப்புறம் திறப்பதற்குத் திரை கிடையாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகத்திலிருந்து மறைந்ததே, அதுவும் இந்த வகைதான். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களின் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. சரிசெய்ய வைத்திருந்த கருவிகளும் அந்த நெட்வொர்க்கை நம்பியிருந்தன. கடைசியில் ஆட்கள் நேரில் போகவேண்டி வந்தது. ஃபேஸ்புக்குக்கே அந்தக் கதி.

அடுத்தது சாவி. வெப் பக்கம் என்றால் அதற்கு வாசல் உண்டு. 2023 அக்டோபர் 16 அன்று சிஸ்கோ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. என்ற அதன் மென்பொருளின் வெப் பக்கத்தில் ஓர் ஓட்டை. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியாள் ஒருவர் முழு அதிகாரமுள்ள கணக்கைத் தனக்குத்தானே உருவாக்கிக்கொள்ளலாம். ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. உலகம் முழுக்கப் பல்லாயிரக்கணக்கான கருவிகளில் புகுந்துவிட்டார்கள். சிஸ்கோ முதலில் சொன்ன வைத்தியம், இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் கருவிகளில் அந்த வெப் வசதியையே அணைத்துவிடுங்கள் என்பது.

சரி, வாசலே கிளவுடில் இருந்தால்? அதே 2023 டிசம்பரில் யூபிக்விட்டி கம்பெனியின் வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் திரையைத் திறந்தால் அடுத்தவர் வீட்டுக் கருவிகள் தெரிந்தன. கிளவுடில் ஏதோ மேம்படுத்தப்போய், 1,216 கணக்குகள் சம்பந்தமில்லாத 1,177 கணக்குகளோடு தவறாக இணைந்துவிட்டதாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஓட்டல் ரிசப்ஷனில் சாவி மாற்றிக் கொடுத்த மாதிரி.

வாடகை சமாசாரமும் இருக்கிறது. கிளவுடிலிருந்து ஸ்விட்சுகளை நடத்துவதைப் பிரபலமாக்கிய மெராக்கியை 2012-ல் சிஸ்கோ 120 கோடி டாலருக்கு வாங்கியது. திரை என்று பார்த்தால் மிக அழகான திரை. ஆனால் அதன் பழைய உரிமத் திட்டத்தில் சந்தா காலாவதியாகி, 30 நாள் சலுகையும் கழிந்தால் கருவிகள் வேலையை நிறுத்திக்கொள்ளும். பெட்டிக்கும் முழு விலை கொடுத்தது நீங்கள்தான். பேலன்ஸ் ஷீட்டில் இதைச் சொத்துப் பக்கத்தில் எழுதுவதா, வாடகைச் செலவில் எழுதுவதா? ஆடிட்டருக்கே தலை சுற்றும்.

ஆகவே தீர்ப்பு. பார்ப்பதற்கு இந்தத் திரைகளுக்குத் தாராளமாக எழுபது மார்க். தொடுவதற்கு முப்பத்தைந்து, அதுவும் கருணை மார்க். உங்கள் ஆபீஸிலோ, ஸ்கூலிலோ, கிளினிக்கிலோ இதை வாங்கப் போகிறீர்கள் என்றால் டெமோவில் மேப்பைப் பார்த்து மயங்காமல் நாலு கேள்வி கேளுங்கள். தவறாக மாற்றிவிட்டால் தானாகப் பழையபடி திரும்புமா? யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு ஆள் ஆளாக இருக்குமா, அல்லது டிபார்ட்மென்ட் முழுவதும் 'அட்மின்' என்ற ஒரே பெயரில் புகுந்து, கையெழுத்தில்லாத வவுச்சர் மாதிரி ஆகிவிடுமா? இன்டர்நெட் போனாலும் பெட்டியைத் தொட வழி உண்டா? சந்தா கட்டாவிட்டால் பெட்டி ஓடுமா?

ஐந்தாவது வேலை உங்களுடையது. எந்த ஓட்டையில் எந்த ஒயர், அது எந்த அறைக்குப் போகிறது, மேஜைக்கடியில் ஒளிந்திருக்கும் குட்டி ஸ்விட்சுகள் உட்பட, ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஒயர் மாறினால் தாளையும் மாற்றுங்கள். திரை, கிளவுட், சந்தா எல்லாம் கைவிட்ட ராத்திரியில் ஒரு டார்ச் லைட் போதும், அதைப் படிக்க. செலவு, ஒரு ஜெராக்ஸ் காசு.