மலைபடுகடாமும் வழி மறப்பும்

கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாத்தைப் போற்றுவோர் பலர் அதன் இயற்கை வருணனையோடு நின்றுவிடுகின்றனர். பெருங்கௌசிகனார் வழி சொல்லும் திறம் அதனினும் பெரிது. வழிகள் பிரியுமிடத்தில், பின்வருவோர் திகையாதபடி புல்லை முடிந்து அடையாளமிடுக என்கிறார். வழி அறியாமையை அவர் இழித்துரைத்தாரில்லை.

எனினும், அவர் கருதியது நிலத்துக்குப் புதியவரையே. பிறந்த ஊரிலேயே வாழ்நாளெல்லாம் வழி தவறுவோரும் உளர். மூளையில் காயமோ அறிவுக் குறையோ இல்லாத அத்தகைய பெண்ணொருத்தியைப் பற்றி 2009-ல் கியூசெப்பே இயாரியா குழுவினர் கனடாவிலிருந்து முதன்முதலாக எழுதினர். இக்குறை சில குடும்பங்களில் பலரிடம் காணப்படுவதை 2016-ல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பரம்பரைக் கூறு உண்டெனக் கருதற்கு இஃது இடந்தருகிறது.

ஆகவே, பழகிய தெருக்களும் செம்பனை நிரைகளைப் போல் ஒன்றாகவே தோன்றும் பிள்ளை நம் ஸ்கூடாய்ப் பள்ளிகளிலும் இருக்கக்கூடும். அவனை ‘மண்டு’ எனக் குட்டுவது ஆசிரியத் தொழிலுக்கு இழுக்கு. கோயில், கடை, பாலம் என முறையாக அடையாளஞ் சொல்லிப் பழக்கவேண்டும். மலைபடுகடாம் நடத்தும் ஆசிரியர், அந்தப் புல்முடிச்சை விளக்குமிடத்தில் சற்று நின்று இதனையும் எண்ணுவாராக.