மகள் வழியாகத் தன்னைக் கண்ட ஒரு தாய்

லியான் ஹாலிடே வில்லி என்ற அமெரிக்கர் 1999-ல் எழுதிய ‘ப்ரிடெண்டிங் டு பி நார்மல்’ புத்தகத்தை ஆட்டிசம் பற்றிய தன்வரலாறு என்று அறிமுகப்படுத்துவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது நடந்தவற்றின் வரிசை. முதலில் மகளுக்கு ஆஸ்பெர்கர் என்று தெரிய வருகிறது. அதற்குப் பிறகுதான், முனைவர் பட்டம் வாங்கி, கல்யாணமாகி, மூன்று பெண்களுக்குத் தாயான வில்லி தன்னையும் அதில் அடையாளம் காண்கிறார்.

பெற்றோர் மீது மருத்துவர்களின் பார்வை விழுந்தது அதற்கு ரொம்ப காலம் முன்பே. 1943-ல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் பெற்றோரையும் கவனித்திருக்கிறார். ஒரு தந்தை மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து அனுப்பினார். கேனருக்கு அது அருமையான தகவல் களஞ்சியம். ஆனாலும் சின்னச் சின்ன விவரங்களில் அந்த மனிதருக்கு இருந்த விடாப்பிடியையும் குறித்து வைத்தார். பாசத்தை வெளிக்காட்டும் பெற்றோர் மிகக் குறைவு என்றும் எழுதினார். குழந்தைகளின் ஒதுக்கம் பிறப்பிலிருந்தே இருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான். பின்னால் வந்த பலர் பெற்றோர் பற்றிய பகுதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1967-ல் ப்ரூனோ பெட்டல்ஹைம் தாய்மார்கள் மேல் பழி போட்டு ஒரு புத்தகமே எழுதினார்.

1977-ல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். உருவொத்த 11 ஜோடிகளில் 4-ல் இருவருக்குமே ஆட்டிசம். மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. விஷயம் மரபிலும் இருக்கிறது என்றால், கேனர் பெற்றோரிடம் பார்த்தது ‘பாசமின்மை’தானா, அல்லது பிள்ளையிடம் இருந்த அதே தன்மையின் லேசான சாயலா? அந்தத் தந்தைக்கு ஆட்டிசம் இருந்தது என்று நாம் இங்கிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனா கேள்வி நியாயமானது. வில்லியின் புத்தகம் அந்தக் கேள்விக்குப் பெற்றோர் பக்கமிருந்து வந்த பதில்.

புத்தகத்தின் பலம், மற்றவர்களின் உச்சரிப்பையும் பாவனையையும் அப்படியே எடுத்துக்கொண்டு வாழ்ந்ததை அவர் விவரிக்கும் இடங்கள். குழந்தையாக, தேநீர் விருந்து விளையாட்டில் அவருக்கு சந்தோஷம் பொருட்களை அடுக்கி வைப்பதில்தான். மகளைப் பார்த்த பிறகு இதெல்லாம் புது அர்த்தம் பெறுகிறது.

என் குறை இரண்டு. ஒன்று, ‘இயல்பான’ நிலைக்கு நெருங்குவதையே அவர் முன்னேற்றமாக அளக்கிறார். பின்னிணைப்பில் கல்லூரி, வேலை, வீடு, புலன் தொந்தரவு என்று சமாளிக்கும் வழிகள் நிறைய. உபயோகமானவைதான். ஆனால் நடிப்பதற்கு உடம்பும் மனசும் கொடுக்கும் விலை அதில் போதுமான அளவு வரவில்லை. 2017 வாக்கில் இதை ‘காமஃப்ளாஜிங்’ என்ற பெயரில் ஆராய்ந்தவர்களிடம் பலர் சொன்னது களைப்பைப் பற்றித்தான். தான் பட்ட களைப்பு மகளுக்கும் வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டிருக்கலாம்.

இரண்டு, பெயர் கிடைத்த பிறகு பின்னோக்கிப் பார்த்தால் எல்லா ஞாபகமும் சாட்சியாக மாறிவிடும். சின்ன வயசுக் கூச்சம்கூட அறிகுறியாகத் தெரியும். ஆட்டிசக் குழந்தையின் பெற்றோர் எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்கள் அல்ல. இந்த எச்சரிக்கை புத்தகத்தில் இன்னும் அழுத்தமாக இருந்திருக்கணும்.

ஆனாலும் படிக்கச் சொல்வேன். நம்ம வீடுகளில் ‘இவன் அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவோம். பரிசோதனைக்குப் போகாமலிருக்க அது ஒரு சாக்கு. அந்த வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் பிள்ளையோடு சேர்த்து அப்பாவைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும், யார் மேலும் பழி போடாமல்.