இழுவிசையும் பிடிமானமும்: கேம்பர் வேன்களின் நான்கு சக்கர மாற்றம் குறித்து

படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி நெடும்பயணத்துக்கென அமைக்கப்படும் கேம்பர் வேன்களை, நான்கு சக்கரங்களும் இயந்திர விசையைப் பெறுமாறு மாற்றியமைக்கும் வழக்கம் வட அமெரிக்காவில் இன்று ஒரு தகுதிச் சின்னமாகவே ஆகிவிட்டது. ஃபோர்டு நிறுவனம் தன் இ-வரிசை வேன்களை நான்கு சக்கர இயக்கத்துடன் தொழிற்சாலையிலிருந்து ஒருபோதும் விற்காததால், அந்த இடத்தைக் க்விக்லி போன்ற மாற்றுப் பட்டறைகள் பல்லாண்டுகளாக நிரப்பி வந்தன. 2015ஆம் ஆண்டு மாதிரியில் மெர்சிடிஸ் ஸ்பிரிண்டரும் 2020ஆம் ஆண்டு மாதிரியில் ஃபோர்டு டிரான்சிட்டும் அந்த வசதியுடனேயே அமெரிக்கச் சந்தைக்கு வந்தபின் ஆசை இன்னும் பரவியது. இதற்கு ஆதரவாக ஓயாமல் முன்வைக்கப்படும் வாதம் ஒன்று உண்டு: நான்கு சக்கர இயக்கம் ஆண்டில் ஒரே ஒருமுறை தேவைப்பட்டாலும் அது காப்பீடு போன்றது, சஸ்பென்ஷன் மேம்பாடோ சொகுசு மட்டுமே, ஆகவே கையிலுள்ள பணம் முதலில் இயக்கத்துக்கே போக வேண்டும் என்பது அவ்வாதம். பாதுகாப்பையும் சொகுசையும் அது இடம் மாற்றி வைக்கிறது.

நான்கு சக்கர இயக்கத்துக்கு உரிய பெருமையை மறுப்பதற்கில்லை. சாதாரண டிஃபரன்ஷியல், அதாவது வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பல்லிணைப்பு, ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் சம விசையையே தருகிறது. ஒரு சக்கரம் பனியிலோ ஈர மண்ணிலோ வழுக்கினால் மற்றதும் அந்த வழுக்கும் சக்கரத்துக்குக் கிடைக்கும் அற்ப விசையோடு நின்றுவிடும். முன்னச்சும் விசை பெறும்போது, பனி மூடிய மலையேற்றத்திலும் பாஹா கலிஃபோர்னியாவின் கடற்கரை மணலிலும் கிடைக்கும் பயனுக்கு ஈடாக எந்த ஷாக் அப்சார்பரையும் சொல்ல முடியாது. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைச் சூடேற்றாமல் இயந்திரத்தின் பிடியிலேயே இறங்க உதவும் தாழ்விகிதக் கியரும் மெய்யான நன்மையே. 2023 மாதிரியில் ஸ்பிரிண்டர் அதைக் கைவிட்டபோது எழுந்த வருத்தம் நியாயமானது.

சஸ்பென்ஷன் மேம்பாட்டுக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்பிரிங்குக்கு மேலோ கீழோ ஒரு கட்டையைச் செருகி வண்டியை உயர்த்துவதே மேம்பாடு என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. வலுவான ஸ்பிரிங் மாட்டினால் வண்டி கூடுதல் எடை சுமக்கலாம் என்ற நம்பிக்கையும் தவறானது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை அச்சு, பிரேக், டயர், சட்டம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன, ஸ்பிரிங் மட்டும் அதை உயர்த்திவிடுவதில்லை.

ஆனால் இம்மேம்பாட்டின் அடிப்படைத் தர்க்கம் அசைக்க முடியாதது. சரக்கு வேன் காலையில் நிறைந்தும் மாலையில் வெறுமையாகவும் ஓடுவதால், அதன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இவ்விரு நிலைக்கும் ஒருவாறு பொருந்தும் சமரசமாகவே வடிவமைக்கப்படுகின்றன. கேம்பர் வேனோ மரப்பலகை, மின்கலம், தண்ணீர் என ஏறத்தாழ ஒரே சுமையை ஆண்டு முழுதும் சுமக்கிறது. பெரும்பாலும் அந்தச் சுமை ஒரு பக்கமாகவும் சாய்ந்திருக்கிறது. எனவே ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் விழும் எடையை எடைமேடையில் அளந்து, அந்த எடைக்கென்றே ஸ்பிரிங்கையும் அதிர்வைத் தணிக்கும் எண்ணெயோட்டத்தையும் அமைத்துக்கொள்ளும் வாய்ப்பு சரக்கு வேனுக்கு இல்லை, கேம்பருக்கு உண்டு. அதன் பயன் ஆண்டுக்கு ஒருமுறை வருவதன்று. பயணத்தின் ஒவ்வொரு மீட்டரிலும், ஒவ்வொரு பிரேக்கிலும், ஒவ்வொரு வளைவிலும் கிடைப்பது.

மாற்றியமைப்பின் மீதான முதன்மையான மறுப்பு இங்கேதான் தொடங்குகிறது: பட்டறை மாற்றம் சஸ்பென்ஷனைப் புறக்கணிப்பதோடு நில்லாமல் அதைத் தனக்கு ஏவலாளாக்கிக்கொள்கிறது. இ-வரிசை வேனின் முன்பகுதியில் இருப்பது இரட்டை ஐ-பீம் அமைப்பு, அதாவது ஒவ்வொரு முன்சக்கரமும் தனக்கென ஒரு நீண்ட எஃகுக் கையில் தொங்கித் தனித்தனியே ஏறியிறங்கும் ஏற்பாடு. மாற்றத்தின்போது அது கழற்றப்பட்டு, டிஃபரன்ஷியல் உறையும் சுழல்தண்டுகளும் அடங்கிய ஒற்றைத் திண்ணச்சு, பெரும்பாலும் டானா 60 வகை, அந்த இடத்தில் வைக்கப்படுகிறது. அந்த அச்சு மேலெழும்பும்போது இயந்திரத்தின் அடிப்பகுதியில் இடிக்காதிருக்க வேண்டும் என்பதால் வண்டி உயர்த்தப்படுகிறது; உயரத்தை முடிவு செய்வது பயணத்தின் தேவை அல்ல, புதிய உறுப்பின் பருமன்.

இதன் விளைவை உணர, ஸ்பிரிங்கினால் தாங்கப்படாத எடை என்னும் கருத்தைப் பார்க்க வேண்டும். சக்கரம், டயர், பிரேக், அச்சு ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. சாலையின் மேடுபள்ளத்தை அவை நேரடியாகவே எதிர்கொள்கின்றன, அவற்றை மீண்டும் தரையோடு அழுத்திவைக்கும் வேலை ஷாக் அப்சார்பருடையது. ஐ-பீம்களும் இலேசானவை அல்ல என்றாலும், திண்ணச்சு அவற்றைவிடக் கனமானது. மேலும் இடச்சக்கரம் வாங்கும் அடியை வலச்சக்கரத்துக்கும் கடத்துகிறது. அமெரிக்க மேற்குப் பகுதியின் மண்சாலைகளில் வண்டிகளின் ஓட்டத்தாலேயே உருவாகும் அலைவரிகள், அதாவது குறுக்காக வரிசையாய் எழும் சிறு மேடுகள், இதை இரக்கமின்றிச் சோதிக்கின்றன. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 80 சென்டிமீட்டர் இடைவெளி இருந்து வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் சென்றால், சக்கரம் நொடிக்குச் சுமார் 14 அடிகளை வாங்குகிறது. சக்கரமும் அச்சும் தாமாகத் துள்ளும் இயல்பு வேகமும் பொதுவாக நொடிக்கு 10 முதல் 15 முறை என்ற எல்லைக்குள்ளேயே இருப்பதால், இரண்டும் ஒத்திசைந்து துள்ளல் பெருகுகிறது. அச்சு எவ்வளவு கனமோ, அதை அடக்க ஷாக் அப்சார்பர் அவ்வளவு உழைக்கிறது. உள்ளிருக்கும் எண்ணெய் சூடேறி இளகித் தணிப்பாற்றல் குறைகிறது. தரையை விட்டு எழும்பி நிற்கும் சக்கரம் இழுக்கவும் இழுக்காது, திருப்பவும் திரும்பாது, பிரேக்குக்கும் கட்டுப்படாது. நான்கு சக்கரங்களுக்கும் விசையனுப்பி, அவற்றில் இரண்டைத் தரையில் நிறுத்திவைக்க இயலாத வண்டியைத் தொலைவழிப் பயணத்துக்கு உகந்தது என்று எப்படிப் பாராட்டுவது?

டெத் வேலி தேசியப் பூங்காவில் யுபெஹீபி எரிமலைவாயிலிருந்து ரேஸ்டிராக் பள்ளத்தாக்குக்குச் செல்லும் 43 கிலோமீட்டர் மண்சாலை, இழுவிசையைவிட டயரும் தணிப்பும் முந்தியவை என்பதற்குத் தக்க சான்று. அங்கு பயணிகளை அடிக்கடி வழியில் நிறுத்துவது கூரிய கற்களில் கிழிபடும் டயரே. கனத்த டயரும், காற்றழுத்தத்தைக் குறைக்கும் பழக்கமும், எடைக்கேற்ற தணிப்பும் அத்தகைய வழியில் முதல் தேவை.

உயரமாக்குவதன் கேடு இன்னும் பெரிது. வண்டி கவிழும் இயல்பை அளக்க அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நிலைப்புக் காரணி என்னும் எண்ணைப் பயன்படுத்துகிறது. இரு சக்கரங்களுக்கிடையேயான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துக் கிடைப்பது அது. அகலம் 1.7 மீட்டர், ஈர்ப்பு மையம் 1 மீட்டர் உயரம் என்று கொண்டால் காரணி 0.85, மையம் 10 சென்டிமீட்டர் மேலேறினால் 0.77ஆகச் சரிகிறது. புதிய அச்சின் கனம் தாழ்வாக இருப்பதால் இழப்பில் ஒரு பங்கு ஈடாகிறது என்பது உண்மையே; ஆனால் உயர்கூரையின் அலமாரிகளும், மேலே ஏற்றப்படும் சூரியத்தகடும், கூரைச் சுமைத்தட்டும் அந்த ஈட்டை எளிதில் விழுங்கிவிடும். மேலும் 2012 மாதிரியிலிருந்து 10,000 பவுண்டு எடைவரம்புக்கு உட்பட்ட அமெரிக்க வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, அதாவது வண்டி வழுக்கும்போது தனிச்சக்கரங்களில் பிரேக் இட்டு நேர்நிறுத்தும் ஏற்பாடு, தொழிற்சாலையின் உயரத்துக்கும் டயர் அளவுக்கும் ஏற்பவே கணக்கிடப்பட்டது. இவற்றை மாற்றியபின் அது எந்த அளவு சரியாக இயங்கும் என்பதை வாங்குபவருக்கு எண்ணால் காட்டாத பட்டறை தன் கடமையில் பாதியைச் செய்யாமல் விட்டது என்றே சொல்ல வேண்டும்.

இயக்கமும் சஸ்பென்ஷனும் சேர்ந்தே வளரலாம் என்பதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டைர் நிறுவனத்தின் துணையுடன் உருவான ஃபோக்ஸ்வேகன் டி3 சிங்க்ரோ, முன்பின் அச்சுகளுக்கிடையே தடித்த திரவத்தால் விசையைப் பகிரும் விஸ்கஸ் இணைப்பையும், அதற்கெனவே உயர்த்தி வலுவாக்கிய அடித்தளத்தையும் ஒரே வடிவமைப்பாகப் பெற்றிருந்தது. பனியும் மணலும் வழக்கமான வழியாக உள்ளவர் அத்தகைய தொழிற்சாலை வண்டியை வாங்குவதே முறை. பிறர் பின்னச்சில் ஒரு டிஃபரன்ஷியல் பூட்டை, அதாவது இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலச் செய்யும் கருவியை, பொருத்திக்கொள்ளலாம். உயரம் அப்படியே நிற்க, சிக்கும் இடங்களில் பலவற்றைக் கடக்க அது உதவும். முழு மாற்றத்துக்கு ஆகும் செலவில் சிறுபகுதியே அதற்குப் போவதால், மீதம் டயருக்கும் தணிப்புக்கும் கிடைக்கும். மாற்றத்தையே விரும்புவோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பட்டறையிடம் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குவது நல்லது: முழுச் சுமையுடன் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அளக்கப்பட்ட எடை ஒன்றில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஈர்ப்பு மையத்தின் உயரம் மற்றொன்றில்.