இனிஷியல் மாறிய தோழிகள்

சி. பிரேம்குமார் இயக்கிய '96' (2018) படத்தில் பழைய வகுப்புத் தோழர்களை வாட்ஸ்அப் குழு ஒன்று சேர்க்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஜானுவும் சென்னைக்கு வந்துவிடுகிறாள். அந்தச் சுலபம்தான் என்னை உறுத்துகிறது.

எங்கள் பத்தாம் வகுப்புக் குழுவில் ஆண்கள் ஒரே வாரத்தில் சேர்ந்துவிட்டார்கள். பெண்களைத் தேடினால் கிடைக்கவில்லை. அப்பாவின் இனிஷியல் போய்க் கணவர் பெயர் வந்திருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் குழந்தையோ ரோஜாப்பூவோ இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளைத் தேடி, முகநூலில் அவள் கணவருக்குத்தான் செய்தி அனுப்பினேன். "எதுக்குக் கேக்கறீங்க?" என்று பதில் வந்தது.

கைகூடாத காதலுக்கு ஓர் இரவு முழுவதையும் தரும் இந்தப் படம், பெண்கள் ஒருவரையொருவர் இழந்த கதைக்குள் போவதில்லை. என் தோழியை இன்னும் பழைய இனிஷியலில்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.