காதில் பஞ்சு போதுமா?

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவாயினும், கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்க் கொடையாயினும், இன்னிசைக் கச்சேரி என்றால் ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். அருகே அமர்வோர் சிலர் காதில் பஞ்சை வைத்துக்கொள்கின்றனர். இதனால் பயன் உண்டா?

மிகச் சிறிதே. பஞ்சின் இடைவெளிகள் வழியே ஒலி புகுந்துவிடும்.

85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, நல ஆய்வு நிறுவனத்தின் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் ஒலியாற்றல் இரட்டிப்பதால், கேட்கும் நேரம் பாதியாக வேண்டும். 100 டெசிபலில் 15 நிமிடமே! உட்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

மருந்துக்கடைகளில் விற்கும் நுரை அடைப்பானைச் சுருட்டிச் செருகினால் ஒலி நன்கு குறையும். ஆனால் உறையில் அச்சிட்ட டெசிபல் எண் ஆய்வுக்கூட அளவாகும். அடைப்பான் சரியாகப் பொருந்தாவிடில் அது கிட்டாது. மேலும், நுரை உயர் அதிர்வெண்களையே மிகுதியாகத் தடுக்கும். தாளம் கேட்கும், பாடலின் சொற்கள் மங்கும். எரிச்சலில் கழற்றிவிட்டால் பாதுகாப்பும் போயிற்று. ஆகவே, பெரிய எண்ணே சிறந்தது என எண்ணுவது தவறு.

1988-இல் இசைக் கலைஞர்களுக்கென வந்த அடைப்பான், எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ 15 டெசிபல் குறைப்பது. 100 டெசிபல் 85 ஆகும்; 15 நிமிடம் 8 மணியாகும். இசைக்கு இவ்வகையையே தேர்ந்தெடுங்கள்.

வாங்க இயலாதோர் பெட்டியைவிட்டு விலகி அமருங்கள். திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். இதற்குக் காசு வேண்டாம்.