ஈயக்குண்டு தெரிவு

சென்னையில் பிறந்த துப்பாக்கிச் சுடும் வீரர் ககன் நாரங் ஹைதராபாத்தில் வளர்ந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அவர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டரே என்பதால், 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைப் பொறுக்கியெடுப்பதே தனிக்கலையாகிவிடுகிறது.

தட்டில் கொட்டும்போது கணீரென ஒலிக்காமல், ஈயத்துக்கே உரிய மங்கிய சலசலப்போடு உருளும் இக்குண்டுகள், காகித இலக்கில் பிசிறில்லாத வட்டத்துளை வெட்டும் தட்டையான தலையும், ஒடுங்கிய இடையும், உள்ளீடற்று அகன்ற மெல்லிய பின்விளிம்பும் கொண்டவை. நகம் அழுந்தினாலே தடம் பதியும் அந்த விளிம்பு சற்று நெளிந்திருந்தாலும், பின்னிருந்து தள்ளும் காற்று சீராகப் பற்றாது. ஆகவே தேர்ந்த வீரர்கள் அரிசியில் கல் பார்ப்பவர்களின் பொறுமையோடு ஒவ்வொரு குண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஏறக்குறைய அரை கிராமேயான அதன் எடையை மில்லிகிராம் வரை நிறுத்து, ஒத்தவற்றை ஒரே பெட்டியில் சேர்க்கிறார்கள். நிறுப்பதைத் தராசு செய்துவிடும் என்பதால், விளிம்பின் நெளிவைக் கண்டுகொள்ளும் பார்வையே இதில் மேலான திறன் எனலாம். தேறாதவை பயிற்சிக்கு ஒதுக்கப்படுகின்றன.