பேரேட்டில் ஏறாத லாபம்

கால்பந்தில் கோல் அடித்தவர்கள் யார் என்றால் பத்துப் பெயர் சொல்வீர்கள். தடுத்தவர்கள்? தலையைச் சொறிவீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. வராமல் போன நஷ்டத்தை எந்தக் கணக்குப்பிள்ளையும் பேரேட்டில் எழுதுவதில்லை.

இத்தாலியின் பாவ்லோ மால்தினி அந்த ரகம். 1985-ல், பதினாறு வயதில் ஏ.சி. மிலான் அணிக்கு ஆட வந்தார். 2009-ல்தான் ஓய்வு. நடுவில் வேறு கிளப்பே கிடையாது. 902 ஆட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். விழுந்து புரண்டு பந்தைப் பிடுங்குவது அபூர்வம். அது வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொள்வார். 'இதிலென்ன பெரிய வித்தை?' என்று தோன்றும். அதுதான் சார் வித்தை!

குறையே இல்லையா? உண்டு. 2005-ல் இஸ்தான்புல்லில் ஐரோப்பிய இறுதிப் போட்டி. முதல் நிமிடத்திலேயே இவர் கோல் போட்டார். இடைவேளையில் மிலான் 3-0. அப்புறம் ஆறே நிமிடத்தில் லிவர்பூல் மூன்றையும் திருப்பி, பெனால்டி ஷூட் அவுட்டில் கோப்பையையும் தட்டிக்கொண்டு போனது. கேப்டன் இவர்தான். அந்தப் பழியில் இவருக்கும் பங்குண்டு.

அதற்காக, 2009-ல் சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தன்று, மிலான் ரசிகர்களிலேயே ஒரு கூட்டம் விசிலடித்து ஏளனம் செய்ததே, அது அநியாயம். இருபத்துநாலு வருட உழைப்புக்கு அதுவா கூலி?

அடுத்த முறை டி.வி.யில் மேட்ச் பார்க்கும்போது ஐந்தே நிமிடம் பந்தை மறந்துவிட்டு, ஒரு டிஃபெண்டரை மட்டும் பாருங்கள். விழாத கோல்களும் கண்ணுக்குத் தெரியும்.